மணியோடு 52 நாள்

வீடு கிடைக்கும்வரை எங்களிடம் தங்கிப் போக வந்த நாலாவது நாய் மணி. முதல் மூன்றும் குட்டிகள். குட்டி என்றால் வந்த அன்றே மடியில் ஏறிவிடும், மூன்றாம் நாள் செருப்பைக் கடிக்கும், மாதம் முடிவதற்குள் யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். வளர்ந்த நாயைச் சேர்த்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

காவேரிப்பட்டணம் தாண்டி சேலம் ரோட்டில், நடுத்திட்டு அரளிச் செடிக்குள் ஒண்டிக் கிடந்ததாகச் சொல்லி, தெரிந்த பையன்கள் இருவர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். பெட்டை. வறுத்த கேழ்வரகு நிறம். பின்னங்கால் ஒன்றில் சிராய்ப்பு. காது நுனியில் வெட்டு இல்லை, அப்படியென்றால் கருத்தடைக்குப் பிடித்துப்போய் விட்ட தெருநாய் இல்லை. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “மணி வந்துட்டானா?” என்றார். அவருக்கு ஊரில் உள்ள அத்தனை நாயும் மணிதான், ஆண் பெண் கணக்கெல்லாம் கிடையாது.

நாள் 1, 2

சமையல்கட்டுக்குப் பின்னால் கேழ்வரகு மூட்டை இருக்கிறது. மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடம். அதில் போய்ச் சொருகிக்கொண்டது. பகலில் தண்ணீர்கூடத் தொடவில்லை. ஒன்றுக்குப் போகவும் வெளியே வரவில்லை. இரவு எல்லோரும் படுத்த பிறகு கிண்ணம் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாம் நாள் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். தயிர்சோறு வைத்துவிட்டு, காலில் இருந்த காயத்தைப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். அது உதட்டை நக்கியது. கொட்டாவி விட்டது. பாவம், தூக்கம் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் கைப் பக்கம் ஓட்டியது, வெள்ளை முழி பிறை மாதிரி தெரிந்தது. மூன்றும் ஒரே சேதிதான்: கிட்ட வராதே. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. பல் மணிக்கட்டில் உரசிவிட்டது. ரத்தம் இல்லை, கீறல்தான்.

குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினேன். கடிகாரம் பார்த்துச் செய்தால்தான் 15 நிமிஷம் எவ்வளவு நீளம் என்று தெரியும். அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. 0, 3, 7, 28 என்று நாலு நாள் ஊசி. ரத்தம் வந்திருந்தால் கடிவாயிலேயே சீரம் என்கிற எதிர்ப்பு மருந்தும் போட்டிருப்பார்கள். நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள், ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கலாம் என்று இருக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

நாள் 5

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பல்லைப் பார்த்து மூன்று, நாலு வயது இருக்கும் என்றார் டாக்டர். ஈறு நல்ல ரோஸாக இல்லை, வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணு 62 ஆயிரம், குறைந்தது ஒன்றரை இரண்டு லட்சமாவது இருக்க வேண்டுமாம். உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள், ஒரு வேளைகூட விடக் கூடாது. ரேபிஸ் தடுப்பூசி போட்டார். கருத்தடையை இப்போது நினைக்கவே வேண்டாம், தட்டணு ஏறாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்றார்.

மாத்திரை கொடுப்பதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. களியை எலுமிச்சை அளவு உருட்டி, நடுவில் மாத்திரையை வைத்து, தயிரில் புரட்டிப் போட்டேன். மணி மெல்லாமலே விழுங்கியது. நாலு நாள் இதே வித்தை. அடுத்த தடவை பெருமையாகச் சொன்னபோது டாக்டர் சிரித்துவிட்டார். அந்த மருந்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேராதாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அது போதாதென்று தயிர் வேறு. “களி குடுங்கம்மா, வேணாங்கல. மாத்திரையோட குடுக்காதீங்க,” என்றார். அன்றிலிருந்து மாத்திரை, வேகவைத்த கோழித் துண்டில். வெறும் வயிற்றிலும் கொடுக்கக் கூடாது, வாந்தி வரும்.

உண்ணி நாய் மேல் மட்டும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மூட்டைக்குப் பின்னால் சுவர் வெடிப்பில், நிலைப்படி இடுக்கில், ஆமணக்கு விதையைச் சின்னதாக்கி ஒட்டினாற்போல வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. விரலால் நசுக்காமல் இடுக்கியால் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போட்டேன். வெடிப்பையெல்லாம் சிமெண்டு வைத்து அடைத்தாயிற்று. இந்த ஒரு வேலைக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

நாள் 9

காலையில் வாரில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் அதை சிமெண்டுத் தரையில் உருட்டினான். கடகடவென்ற அந்தச் சத்தத்துக்கு மணி முன்னால் ஓடவில்லை. பின்னால் இழுத்தது. தலையைக் குனிந்து ஒரே உருவு. கையில் வார், வாரின் நுனியில் வெறும் கழுத்துப்பட்டை. நாய் பின்பக்கத்து மாந்தோப்புக்குள் போய்விட்டது.

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழைய வேண்டும். நான் பாவம் பார்த்து நாலு விரலுக்கு விட்டிருந்தேன். எலும்பும் தோலுமான நாய்க்குத் தலையும் கழுத்தும் ஒரே கனம், உருவிக்கொள்ள எவ்வளவு நேரம்? இப்போது கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் சேர்த்துத்தான் மாட்டுகிறேன்.

பெங்களூரா காய் இறக்கும் நேரம். தோப்பில் ஆள் நடமாட்டம், டெம்போ, கூச்சல். பையன்கள் நாலு பக்கமும் வளைத்துப் பிடிக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். பயந்த நாயைத் துரத்தினால் பக்கத்துத் தோப்பு, அதற்கப்புறம் ரோடு. பின்கேட்டைத் திறந்து வைத்து, அது படுத்த கோணிச் சாக்கை வாசலில் போட்டு, பக்கத்தில் சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அத்தை தன் பழைய ரப்பர் செருப்பு ஒன்றையும் சாக்கின் மேல் கொண்டுவந்து வைத்தார். மணி இரவில் அதைத் தூக்கிக்கொண்டு போய் மூட்டைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும். கடிப்பதில்லை, தாடையை அதன் மேல் வைத்துத் தூங்கும், அவ்வளவுதான். நான் இதைக் கவனித்ததே இல்லை. அத்தை கவனித்திருக்கிறார்.

முதல் ராத்திரி சோற்றைப் பூனை தின்றது. இரண்டாம் ராத்திரி, மூன்று மணி இருக்கும், திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். அழுகின மாம்பழ வாசனையில்தான் முழிப்பு வந்தது. பத்தடி தள்ளி நின்றது. பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தேன். கழுத்து வலித்தது. அது என்னைக் கடந்து உள்ளே போய் வெகுநேரம் தண்ணீர் குடித்தது. செருப்பை எடுத்துக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டது.

நாள் 16

எங்கள் பால்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார். பாலை ஊற்றிக்கொண்டே, மூட்டை ஓரமாகத் தெரிந்த மூக்கைப் பார்த்து, சும்மா “ரா, ரா” என்றார். இரண்டு காதும் விறைத்து நின்றன. இரண்டு வாரமாக நான் “வா” என்று தொண்டை வறண்டது வீண். மணி எழுந்து நாலு எட்டு வந்தது. அவர் சிரித்துக்கொண்டு “கூர்ச்சோ” என்றார். உட்கார்ந்தது.

எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டையே பார்க்காத நாய், அதனால்தான் மிரளுகிறது என்று முடிவு கட்டியிருந்தேன். இது யாரோ உட்காரக் கற்றுக்கொடுத்த நாய். தொலைந்து போனதா, விட்டுவிட்டுப் போனார்களா தெரியாது. படம் எடுத்து ஓசூர், பர்கூர், குப்பம் வரை வாட்ஸப் குழுக்களில் போட்டோம். பத்து நாள் யாரும் கேட்கவில்லை. நடுத்திட்டு அரளிக்குள் ஒரு நாய் தானாகப் போய் உட்காருமா என்று பால்காரர் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான், ஆனாலும் சத்தியம் பண்ண முடியாது.

நாள் 20 முதல் 45 வரை

சொல்ல அதிகமில்லை. நாய் வளர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தணிய, வழக்கம் பிடிபட, வீடு தன் வீடாக. உத்தேசக் கணக்குதான், நாய் காலண்டர் பார்ப்பதில்லை. மூன்றாம் வாரக் கடைசியில் மணி மூட்டையை விட்டு சமையல்கட்டு வாசலுக்கு வந்து படுத்தது. குக்கர் விசிலுக்கு முதலில் ஓடும், அப்புறம் எழுந்து நிற்கும், பிறகு காதை மட்டும் அசைக்கும். ஒவ்வொரு விசிலுக்கும் பேசாமல் ஒரு கோழித் துண்டு போட்டதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. சிலிண்டர் சத்தம் மட்டும் இன்னும் ஆகாது. தட்டணு இரண்டு லட்சத்தைத் தாண்டிய பிறகு கருத்தடையும் முடிந்தது.

நாள் 52

ஓசூரிலிருந்து தம்பதி வந்தார்கள். பிள்ளைகள் வெளியூரில், இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். தெலுங்கு வீடாகக் கிடைத்தால் நல்லது என்று ஆசைப்பட்டேன், இவர்களுக்கு ஒரு சொல் தெரியாது. ஊசிச் சீட்டின் பின்னால் “ரா: வா. கூர்ச்சோ: உட்கார்” என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஐயா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கார் வரை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் ராத்திரி போன் வந்தது. “கட்டிலுக்கு அடியில போனவ வெளிய வரவே மாட்டேங்குறா. சாப்பிடவும் இல்ல. என்னம்மா பண்ணட்டும்?”

“ஒண்ணும் பண்ணாதீங்க சார். தண்ணி வெச்சுட்டு நீங்க பாட்டுக்கு டிவி பாருங்க. குனிஞ்சு பாக்காதீங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை என் முழங்கையை இடித்தார். “செருப்பைக் கட்டிலுக்கு அடியில போட்டாங்களான்னு கேளு.”

போடவில்லையாம். அது பைக்குள்ளேயே இருந்ததாம்.