கத்தானியாவில் ஆகத்தா திருவிழா இனிப்புகள்

சிசிலித் தீவின் கத்தானியா நகருக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்டால் பிப்ரவரி என்றுதான் சொல்வேன். கடலில் இறங்க முடியாது, எட்னா எரிமலையின் உச்சியில் பனி கிடக்கும், ஆனால் 3 முதல் 5ஆம் தேதி வரை ஊரே புனித ஆகத்தாவுக்காக வீதிக்கு வந்துவிடுகிறது. பேஸ்ட்ரி கடைகளில் வெள்ளை வெளேரென்று, உச்சியில் ஒற்றைச் சிவப்பு செர்ரியோடு, குட்டிக் குவிமாடங்கள் அடுக்கியிருக்கும்.

மின்னே தி சாந்தாகத்தா. ஆகத்தாவின் முலைகள் என்றேதான் பெயர். கி.பி. 251இல், ரோமப் பேரரசன் தேக்கியுஸ் காலத்தில், ஆளுநன் குயின்சியானுஸுக்கு இணங்காமலும் கிறிஸ்தவ விசுவாசத்தை விடாமலும் நின்ற இளம்பெண்ணின் மார்பை அறுத்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் கடையில் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதை ஜோடியாக வாங்கிக் கொடுக்கிறார்கள், யாருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை. அந்த வேதனையை மறைக்காமல் பிள்ளைகளின் கையில் இனிப்பாகக் கொடுக்கிற இந்த பக்தி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

உள்ளே செம்மறியாட்டுப்பாலில் செய்த ரிக்கோட்டா என்னும் மென்மையான பாலாடைக்கட்டி, சாக்லேட் துண்டுகள், சர்க்கரைப் பாகில் ஊறிய பழம், சுற்றிலும் மதுவில் நனைத்த கேக், மேலே சர்க்கரைப் பூச்சு. சில கடைகளில் கேக்குக்குப் பதில் பிஸ்கட் மாவு, எனக்கு அது கொஞ்சம் வறட்சி. முதல் கடியில் தித்திப்பு தூக்கலாகத் தெரியும், அப்புறம் ரிக்கோட்டாவின் லேசான புளிப்பு வந்து அதைச் சரிக்கட்டும். குளிர்காலத்தில்தான் சிசிலி பச்சையாக இருக்கும், ஆடுகளுக்குப் புல் கிடைக்கும், அதனால் ரிக்கோட்டாவும் இந்த மாதங்களில்தான் நல்ல ருசி.

இன்னொன்று ஒலிவெத்தே: பாதாம் விழுதைப் பச்சை நிறத்தில் ஆலிவ் காய் போல உருட்டிச் சர்க்கரையில் புரட்டியது. ஆகத்தா செருப்பு வாரைக் கட்டக் குனிந்த இடத்தில் ஆலிவ் மரம் முளைத்ததாம்.

5ஆம் தேதி மாலை எத்னேயா வீதிக்குப் போய்விடுங்கள். வெள்ளை அங்கியும் கறுப்புத் தொப்பியும் அணிந்த பக்தர்கள் நீண்ட வடங்களைப் பிடித்து, புனிதையின் வெள்ளித் தேரை விடிய விடிய இழுக்கிறார்கள். கன்டெலோரே எனப்படும் பிரம்மாண்டமான மெழுகுவத்தி மண்டபங்களைத் தொழில் சங்கங்கள் தோளில் சுமந்து வருகின்றன. அவற்றில் மிகக் கனமானது ரொட்டிக்காரர்களுடையது. கறுப்பு எரிமலைக் கல் பாவிய வீதியில் மெழுகு உருகிக் கிடக்கும், வழுக்கும், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

மின்னேயை வாங்கிய அன்றே சாப்பிட்டுவிட வேண்டும், ஊருக்கு எடுத்துப்போக ஒலிவெத்தேதான் சரி. பிப்ரவரியில் வர முடியாதவர்களுக்கு ஆகஸ்ட் 17ஆம் தேதி சின்னதாக ஒரு விழா உண்டு, 1126இல் கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து ஆகத்தாவின் திருப்பண்டங்கள் (உடலின் எச்சங்கள்) திரும்பி வந்த நினைவாக. ஆனால் ரிக்கோட்டாவுக்காக வருகிறவர்கள் பிப்ரவரியிலேயே வாருங்கள்.