சிட்டு குட்டி போடுற வரைக்கும், போட்ட பிறகும்

பிப்ரவரி 28

ஸ்கேன் பாத்தாச்சு, என் நாய் சிட்டு சினையா இருக்கா. இணை சேர்ந்து இன்னைக்கு 26வது நாள். ஸ்கிரீன்ல சின்னச் சின்ன கறுப்பு முட்டையா தெரிஞ்சுது, உள்ள ஒரு புள்ளி படபடன்னு துடிச்சுது, அதுதான் இதயம்னு டாக்டர் காட்டுனாங்க. எத்தனை குட்டின்னு இப்ப சரியா சொல்ல முடியாதாம், 55 நாள் தாண்டுனா எக்ஸ்ரேல எலும்பை வச்சு எண்ணிடலாம்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் மருந்து அலமாரியில இருந்த கால்சியம் சிரப்பை எடுத்து கை எட்டாத மேல்தட்டுல வச்சேன். ஏன்னா பஞ்சு. பஞ்சு சிட்டுவோட அம்மா, அவ சினையா இருந்தப்ப மூணாவது வாரத்துல இருந்து தினம் ரெண்டு வேளை அந்த சிரப்பை நான்தான் குடுத்தேன், டாக்டர் யாரும் எழுதித் தரல, குட்டிங்களுக்கு எலும்பு நல்லா வளரணும் இவளுக்கு பால் ஊறணும்னு நானா குடுத்தேன். குட்டி போட்ட 15வது நாள் ராத்திரி கை கால் எல்லாம் விறைச்சு வலிப்பு வந்துடுச்சு. பிழைச்சுட்டா, ஆனா அந்த ராத்திரி எனக்கு மறக்காது.

அப்புறம்தான் எனக்கு விளக்கிச் சொன்னாங்க. கழுத்துல பாராதைராய்டுன்னு குட்டிக் குட்டி சுரப்பி இருக்கு, ரத்தத்துல கால்சியம் இறங்குனா அது ஒரு ஹார்மோனை விட்டு எலும்புல இருக்குற சேமிப்பை எடுத்து ரத்தத்துக்கு குடுக்கும், குடலையும் இன்னும் கொஞ்சம் உறிஞ்ச வைக்கும். வெளியில இருந்து தினமும் ஊத்திக்கிட்டே இருந்தா அதுக்கு வேலையே இல்லாம மந்தமாயிடும். அப்புறம் பால் ஊறி கால்சியம் கடகடன்னு வெளிய போறப்ப சட்டுனு அதால எழுந்து வேலை செய்ய முடியல. அப்பதான் வலிப்பு. சின்ன இனம், நிறைய குட்டின்னா இன்னும் ஆபத்து. அதனால இந்தத் தடவை தினமும் எழுதி வைக்கப் போறேன், என்ன குடுத்தேன், என்ன குடுக்கலைன்னு.

எடை 3.2 கிலோ. சாப்பாடு வழக்கம்போல 70 கிராம் உலர் தீவனம். இப்பவே ஏத்த வேணாம்னு சொல்லியிருக்காங்க, குட்டிங்க பெருசா வளர்றது கடைசி மூணு வாரத்துலதான், அதுக்கு முன்னாடி ஏத்துனா எல்லாம் அவ உடம்புல கொழுப்பாத்தான் சேரும், கொழுப்பு ஏறுனா பிரசவம் கஷ்டம். குடுக்குற ஒரே மாத்திரை ஃபோலிக் ஆசிட். அது சினை ஆகுறதுக்கு முன்னாடியே டாக்டர் ஆரம்பிச்சது, குட்டிங்களுக்கு மேலண்ணம் பிளந்து பிறக்குற வாய்ப்பைக் குறைக்க. அண்ணம் வயித்துக்குள்ள மூடுறது கிட்டத்தட்ட இந்த நாட்கள்லதான், அதனால ஸ்கேன்ல தெரிஞ்ச பிறகு ஆரம்பிச்சா லேட்.

மார்ச் 2

நேத்து ராத்திரியில இருந்து தட்டுப் பக்கமே போகல. நாலாவது வாரத்துல இப்படி ஒரு மந்தம் வரும்னு தெரியும், தெரிஞ்சும் வயித்தைப் பிசையுது. வேகவச்ச கோழியை உப்பு எதுவும் இல்லாம பிச்சு, வெதுவெதுப்பா வச்சேன், நாலு வாய் சாப்பிட்டா. தண்ணி குடிக்கிறா, வாலாட்டுறா. நாளைக்கும் இப்படியே இருந்தா ஃபோன் பண்ணணும்.

மார்ச் 3

சாப்பிட்டா! முழுசா!

மார்ச் 9

அஞ்சு வாரம் முடிஞ்சுது. இன்னைக்கு குட்டித் தீவனத்துக்கு மாத்த ஆரம்பிச்சேன், ஒரே நாள்ல மாத்துனா வயித்தால போகும், அதனால பழையதுல கால் பங்கு புதுசு கலந்து ஒரு வாரத்துல முழுசா மாத்துற மாதிரி. சினையா இருக்குறவளுக்கு எதுக்கு குட்டித் தீவனம்னு அக்கா கேட்டா. ஒரு பிடியில அதிக சக்தி, அதிக புரதம், கொழுப்பு, கால்சியமும் பாஸ்பரசும் ஒண்ணுக்கொண்ணு சரியான விகிதத்துல அதுலயே இருக்கு. சிட்டு மாதிரி கைக்குள்ள அடங்குற வயித்துக்கு கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைய கிடைக்கணும் இல்லையா. பாக்கெட் வாங்குறப்ப பின்னாடி திருப்பி, வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் முழுமையான உணவுன்னு போட்டிருக்கான்னு பாக்கணும். ஆஃப்கோன்னு (AAFCO) அமெரிக்காவுல தீவனத்துக்கு அளவு வகுக்குற ஒரு சங்கம் இருக்கு, அவங்க அளவுப்படி அந்த வகையில ஈரம் கழிச்சு புரதம் குறைஞ்சது 22.5 சதவீதம், கொழுப்பு 8.5, கால்சியம் 1.2, பாஸ்பரஸ் 1.0 இருக்கணும். முன்பக்கப் படத்தை மட்டும் பாத்து பெரிய இனக் குட்டித் தீவனத்தை எடுத்துடக் கூடாது, அதுல கால்சியத்தையும் சக்தியையும் வேணும்னே கட்டுப்படுத்தி வச்சிருப்பாங்க, இவளுக்கு அது சரிப்படாது.

இந்தத் தீவனத்துலயே டிஹெச்ஏ இருக்கு, மீன் எண்ணெயில இருந்து வர்ற கொழுப்பு, குட்டிங்களோட மூளைக்கும் கண்ணுக்கும். அதனால தனியா மீன் எண்ணெய் கேப்சூல் வேணாம்னு சொல்லிட்டாங்க.

மார்ச் 12

பெரியம்மா ஃபோன்ல ஒரு மணி நேரம். "பிள்ளைத்தாச்சிக்கு சத்து குடுக்காம என்னடி பட்டினி போடுற, ஒரு வைட்டமின் டானிக்காவது ஊத்து, ஈரல் வாங்கிப் போடு." கோவமே வரல எனக்கு, நானும் பஞ்சுவுக்கு இப்படித்தானே அன்பா ஊத்துனேன். பொறுமையா சொன்னேன், பெரியம்மா, ஈரல்ல வைட்டமின் ஏ ரொம்ப அதிகம், சினைக் காலத்துல அது அளவு மீறுனா குட்டிங்களுக்கே ஊனம் வரும், வைட்டமின் டி மீறுனா கால்சியம் கன்னாபின்னான்னு ஏறி உடம்புக்குள்ள சதையில படியும், முழுமையான தீவனம் சாப்பிடுறவளுக்கு மேல ஊத்துறது நல்லது இல்ல, அந்த சமநிலையைத்தான் கெடுக்குதுன்னு. கடைசியா "முட்டையாவது குடு"ன்னாங்க. அது சரின்னேன், வேகவச்சு, எப்பவாவது அரை முட்டை, பச்சையா வேணாம். பச்சைக் கறியும் கிடையாது, சால்மோனெல்லா மாதிரி கிருமி தொத்துனா அவளுக்கும் ஆபத்து, வயித்துல இருக்குறதுக்கும் ஆபத்து.

மார்ச் 16

42வது நாள், 3.45 கிலோ. இனிமே வாரத்துக்கு பத்து பதினைஞ்சு சதவீதம் ஏத்தணும், இன்னைக்கு 80 கிராம். பூச்சி மருந்தும் டாக்டர் எழுதிக் குடுத்து ஆரம்பிச்சாச்சு, உருண்டைப் புழு அம்மா வயித்துக்குள்ளேயே குட்டிக்குப் போயிடுமாம், பால் வழியாவும் போகுமாம். மருந்தோட பேரைப் போட்டா யாராவது பாத்து அவங்களே குடுத்துடுவாங்க, எடைக்குத் தகுந்த அளவு இல்லாம குடுக்கக் கூடாது, அதனால போடல.

மார்ச் 24

வயிறு பாரு இப்ப! படுத்தா ரெண்டு பக்கமும் வழியுது. பிரச்சினை என்னன்னா பசி இருக்கு, உள்ள இடம் இல்ல, கருப்பை இரைப்பையை நெருக்குது. ரெண்டு வேளையா வச்சா பாதி சாப்பிட்டுட்டு திரும்பிப் படுத்துக்குறா. அதனால அஞ்சு வேளையா பிரிச்சுட்டேன், காலையில 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10, வெந்நீர் ஊத்தி ஊறவச்சு. மொத்தம் 90 கிராம். கிச்சன் தராசுல நிறுத்துதான் வைக்கிறேன், கண் மதிப்புல வச்சா 10 கிராம் கூடுறது குறையுறது தெரியாது, இவ அளவுக்கு 10 கிராம்ங்கிறது பெரிய விஷயம்.

கடைசி வாரங்கள்ல சின்ன நாய் ஒரு நாள் முழுக்க சாப்பிடாம இருந்தா சும்மா விடக் கூடாது. ரத்தத்துல சர்க்கரை இறங்கிடும், உடம்பு தன் கொழுப்பை உருக்க ஆரம்பிச்சு, அதுல வர்ற கீட்டோன்ங்கிற கழிவு ரத்தத்துல ஏறும், சோர்ந்து விழுந்துடும். மார்ச் 2ல இவ சாப்பிடாதது வேற, இப்ப சாப்பிடாம இருந்தா அது வேற. மாவுச்சத்தே வேணாம், வெறும் கறி மட்டும் போதும்னு சில பேர் சொல்றதைக் கேட்டு சினை நாய்க்கு அப்படிக் குடுக்காதீங்க, குட்டிங்க குளுக்கோஸ்லதான் வளருது.

மார்ச் 31

57வது நாள். எக்ஸ்ரே. நாலு மண்டையோடு, நாலு முதுகெலும்பு, நான் மூணு தடவை எண்ணுனேன். எடை 3.95, ஆரம்பத்துல இருந்து கால் பங்குக்கு கொஞ்சம் கம்மியா ஏறியிருக்கு, இதுதான் சரியான அளவுன்னாங்க. மூணு கிலோ உடம்புக்கு நாலு குட்டி அதிகம்தான். பால் குடுக்குற மூணாவது வாரம் ஜாக்கிரதைன்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னாங்க. ஒரு தடவை சொன்னாலே போதும் எனக்கு.

ஏப்ரல் 4

சாயங்காலம் காய்ச்சல் பாத்தா 37.0. வழக்கமா 38க்கு மேல இருப்பா. சாப்பாட்டை மோந்து பாத்துட்டு வந்துட்டா, பெட்டியில துணியைப் பிறாண்டுறா. 24 மணி நேரத்துக்குள்ளன்னு அர்த்தம். டாக்டர் நம்பரை எழுதி சுவத்துல ஒட்டியாச்சு.

ஏப்ரல் 5

நாலும் பிறந்துடுச்சு. நாலும் உயிரோட. விடியக்காலை 3 மணிக்கு ஆரம்பிச்சு 7 மணிக்கு முடிஞ்சுது. ஒவ்வொண்ணா வாயைத் திறந்து அண்ணத்தைப் பாத்தேன், நாலுக்கும் மூடியிருக்கு, அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு.

அடையாளத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறத்துல நூல் கட்டியிருக்கேன், அந்த நிறம்தான் இப்போதைக்கு பேரு. சிவப்பு நூல் 124 கிராம், பச்சை 118, நீலம் 109, மஞ்சள் 96. சீம்பால் முதல் 24 மணி நேரத்துக்குள்ள உள்ள போகணும், நோய் எதிர்ப்பு சக்தி அதுலதான் போகுது, அதுக்கு அப்புறம் குட்டியோட குடல் அதை உறிஞ்சாது. மஞ்சளை நானே பிடிச்சு பின்பக்கக் காம்புல வச்சேன், அங்கதான் பால் அதிகம். நஞ்சுக்கொடி ரெண்டு தின்னா, மிச்சத்தை எடுத்துட்டேன், எல்லாத்தையும் தின்னா வயித்தால போகும்.

ஏப்ரல் 8

மஞ்சள் நேத்து 93க்கு இறங்கியிருந்துது, இன்னைக்கு 97. மத்ததெல்லாம் தினம் அஞ்சுல இருந்து பத்து சதவீதம் ஏறுது. மஞ்சளுக்கு குட்டிப் பால் பவுடர் கலந்து நடுநடுவுல ஊட்டுறேன், மாட்டுப் பால் கிடையாது, நாய்ப் பால்ல புரதமும் கொழுப்பும் மாட்டுப் பாலைப் போல ரெண்டு மடங்கு, அதை விட மேலயே இருக்கும், மாட்டுப் பால்ல சர்க்கரைதான் அதிகம், வயித்தால போகும். ஊட்டுறப்ப குப்புறப் பிடிக்கணும், மனுஷக் குழந்தை மாதிரி மல்லாத்துனா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஊட்டி முடிச்சதும் ஈரப் பஞ்சால அடியில தடவி விட்டாத்தான் ஒண்ணுக்கே போகும்.

சிட்டு 105 கிராம் சாப்பிடுறா, கேட்டா இன்னும் குடுக்குறேன். தண்ணிக் கிண்ணம் படுக்கைக்குப் பக்கத்துலயே வச்சிருக்கேன், குட்டிங்களை விட்டுட்டு எழுந்து போக மாட்டேங்குறா. தண்ணி கம்மியானா பால் கம்மி, அவ்வளவுதான்.

ஏப்ரல் 15

மஞ்சள் தவிர மூணும் பிறந்த எடைக்கு ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. மஞ்சள் 178. சிட்டு 140 கிராம் சாப்பிடுறா, இனிமே அளவே கிடையாது, பகல் முழுக்க தட்டுல இருக்கும். பாலூட்டுறப்ப உச்சத்துல வழக்கமான சக்தியைப் போல மூணு மடங்கு கூட தேவைப்படுமாம், குட்டி அதிகம்னா இன்னும் மேல.

இன்னைக்கு நாள் எண்ணுனேன். பஞ்சுவுக்கு 15வது நாள் வந்துச்சு. சிட்டுவுக்கு இன்னைக்கு 10.

ஏப்ரல் 22

17வது நாள். எழுத கை நடுங்குது, ஆனா இப்பவே எழுதிடணும்.

காலையில இருந்து ஒரு மாதிரி இருந்தா. குட்டிங்களைப் படுக்க வச்சுட்டு எழுந்து நடக்குறா, திரும்ப வர்றா, திரும்ப நடக்குறா. ரூம் குளிர்ச்சியாத்தான் இருக்கு, அவளுக்கு மட்டும் இளைப்பு. முகத்தைத் தரையில தேய்ச்சா. அப்புறம் பின்னங்காலைப் பாத்தேன், கட்டை மாதிரி விறைப்பா வச்சு நடந்தா, அதைப் பாத்த உடனே நான் யோசிக்கவே இல்ல, சிட்டுவைத் தூக்கிட்டேன், அக்கா குட்டிங்களைப் பெட்டியோட எடுத்துக்கிட்டா, கிளம்பிட்டோம். பஞ்சுவுக்கும் இதே இளைப்பு இருந்துச்சு, குட்டிங்க படுத்துற பாடுன்னு நினைச்சு ராத்திரி வரைக்கும் விட்டுட்டேன்.

காய்ச்சல் 39.9. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சிருக்கு, ஆனா வலிப்பு வரல. கால்சியம் குளுக்கோனேட்டை நரம்புல சொட்டுச் சொட்டா ஏத்துனாங்க, ஏத்துற நேரம் முழுக்க டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே இல்ல, வேகமா போனா இதயத் துடிப்பு தப்பிடுமாம். இதனாலதான் வீட்டுல யாரும் ஊசி போடப் பாக்கக் கூடாது. கால் மணி நேரத்துல இளைப்பு அடங்கி என் கையை நக்குனா.

"சினையா இருந்தப்ப கால்சியம் குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு சொட்டு கூட குடுக்கல."

அப்ப எதனாலன்னு கேட்டேன், தப்பு பண்ணிட்டேனோன்னு தொண்டை அடைச்சுது. இவ்வளவு சின்ன உடம்புக்கு நாலு குட்டிப் பால், குடுக்காம இருந்தாலும் சில நேரம் வரும், குடுத்திருந்தா இன்னும் மோசமா வந்திருக்கும்னாங்க.

ஏப்ரல் 23

24 மணி நேரம் குட்டிங்களை அவகிட்ட விடல. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானும் அக்காவும் மாறி மாறி ஊட்டுனோம். அவ பெட்டிக்கு வெளிய படுத்து மூக்கைத் துணி மேல வச்சுக்கிட்டே இருந்தா, அதைப் பாக்கத்தான் முடியல.

இப்ப கால்சியம் உண்டு, கால்சியம் கார்பனேட் மாத்திரை, எடைக்கு அளந்து, சாப்பாட்டோட, பால் மறக்குற வரைக்கும். பாலூட்டுற காலத்துல டாக்டர் அளந்து குடுக்குறது மருந்து, சினைக் காலத்துல நானா ஊத்துனது வேற, ரெண்டும் ஒரே கால்சியம்தான். மேல்தட்டு சிரப்பைக் கொட்டிட்டேன்.

ஏப்ரல் 27

மூணு வாரம். குட்டிங்களுக்கு கூழ் ஆரம்பிச்சாச்சு, அதே தீவனத்தைப் பால் பவுடர்ல ஊறவச்சு மசிச்சு தட்டையான தட்டுல. சிவப்பு தட்டுக்குள்ளேயே இறங்கி நின்னுது. வழக்கமா இவ்வளவு அவசரம் வேணாம், ஆனா சிட்டு மேல பாரம் குறையணும். பகல்ல கூழும் பவுடர் பாலும், ராத்திரிதான் அம்மா. அவ 185 கிராம் சாப்பிட்டும் 3.05 கிலோதான், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுது.

மே 12

குட்டிங்க கூழை விட்டு ஊறவச்ச தீவனத்தையே மெல்லுது, பல்லு வந்துடுச்சு, சிட்டு பால் குடுக்க நின்னுக்கிட்டேதான் குடுக்குறா, கடிக்குது போல. சிட்டு எடை 3.1 கிலோ.

மே 25

பால் நிறுத்தியாச்சு. முந்தாநாள் சிட்டுவுக்கு சாப்பாடு கிடையாது, தண்ணி மட்டும், நேத்து வழக்கத்துல கால் பங்கு, இன்னைக்கு அரை, நாளைக்கு முக்கால். ஒரு நாள் பட்டினி போட மனசே வரல, மூணு கிலோ நாய்ங்கிறதால டாக்டர்கிட்ட ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுட்டுதான் பண்ணேன், ஆனா பால் வத்தணும், இல்லைன்னா மடி கட்டிக்கும். தொட்டுப் பாத்தேன், சூடு இல்ல, கட்டி இல்ல. கால்சியம் மாத்திரையும் நிறுத்தியாச்சு.

மஞ்சள் 690 கிராம். இப்பவும் நாலுலயும் சின்னது அதுதான், ஆனா தட்டு காலியானதும் கடைசியா நகர்றதும் அதுதான். சாயங்காலம் சிட்டு தன் பங்கைச் சாப்பிட்டு முடிச்சுட்டு மஞ்சளோட தட்டுக்குப் போய் உக்காந்தா, மஞ்சள் உர்ருனு சத்தம் விட்டுது, சிட்டு ரெண்டு அடி தள்ளிப் போய்ப் படுத்துக்கிட்டா.