பர்மிங்ஹாம் பேராலயத்தின் நான்கு ஜன்னல்கள்

பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து மேட்டுப்பக்கமாகச் சில நிமிடம் நடந்தால் புனித பிலிப்பு பேராலயம். 1715-ல் பிரதிஷ்டையான கோயில், பேராலயமானது 1905-ல்தான். அளவில் சின்னதுதான். சுற்றியுள்ள புல்வெளியை ஊர்க்காரர்கள் 'பிஜன் பார்க்' என்கிறார்கள். நான் போனது உள்ளே இருக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்க.

அவற்றை வரைந்தவர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். 1833-ல் இதே ஊரில் பிறந்தவர், இதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். நண்பர் வில்லியம் மோரிஸின் பட்டறையில் ஜன்னல்கள் தயாராயின. பீடத்துக்குப் பின்னால் நடுவில் பரமேறுதல், 1885. அதன் இரு பக்கமும் பிறப்பும் சிலுவையும், 1887. எதிர்ப்பக்கம் கோபுரத்தின் அடியில் நியாயத்தீர்ப்பு, 1897. ஞாயிறுதோறும் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவைப் பற்றி வரும் பகுதி கிட்டத்தட்ட முழுவதும் இந்த நான்கில் இருக்கிறது.

முதலில் நடு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தேன். மேலே தூதர்கள் சூழ ஆண்டவர். கீழே சீஷர்கள் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பெஞ்சில் இருக்கும் நாமும் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். "நீங்கள் ஏன் வானத்தை அண்ணாந்துபார்த்து நிற்கிறீர்கள்?" என்ற அப்போஸ்தலர் நடபடிகள் வசனம் தானாக நினைவுக்கு வந்தது. எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். அன்று அந்தக் கேள்வி என்னையும் பார்த்துக் கேட்டது போல் இருந்தது.

கிட்டப்போய்ப் பார்த்தால் வேலைப்பாடு புரியும். சிவப்பும் நீலமும் மேலே பூசிய வண்ணமல்ல. கண்ணாடியை உருக்கும்போதே உலோக ஆக்சைடு சேர்த்து வரவைத்த நிறம். முகம், விரல், துணி மடிப்பு ஆகியவற்றைக் கறுப்புச் சாயத்தால் வரைந்து சூளையில் சுட்டிருக்கிறார்கள். துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் அங்கியின் மடிப்போடு வளைந்து போகின்றன. பல பழைய தேவாலயங்களில் கல்தூண்கள் ஜன்னலைக் கூறுபோட்டுவிடும். இங்கே அரைவட்ட வளைவுள்ள திறந்த ஜன்னல் என்பதால் முழுக் காட்சியும் ஒரே வீச்சில் கிடைக்கிறது.

பிறப்பு ஜன்னலில் மாடு இல்லை! பணம் கொடுத்த அம்மையார் மாடு வேண்டாம் என்று நிபந்தனை போட்டாராம். லூக்கா சுவிசேஷத்தில் முன்னணை உண்டு, மாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை; அந்த வகையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும், "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்" என்று ஏசாயா சொல்கிறாரே. அதற்காகவாவது ஒரு மாட்டை விட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தாயையும் பிள்ளையையும் வரைந்தவர், பிறந்த சில நாட்களிலேயே தன் தாயை இழந்தவர். அதை நினைத்துக்கொண்டு மரியாளைப் பார்த்தபோது ஜெபிக்க வார்த்தை வரவில்லை.

சிலுவை ஜன்னலில் இரத்தத்தைத் தேட வேண்டாம். போர்வீரர்களின் தலைக்கு மேல் செக்கச்செவேலென்று கொடிகள். உலகத்தின் அதிகாரமெல்லாம் அங்கே திரண்டு நிற்க, நடுவில் ஆண்டவர் அமைதியாகத் தொங்குகிறார்.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஜன்னல்களைக் கழற்றி வேல்ஸில் ஒரு சுரங்கத்தில் பத்திரமாக வைத்தார்கள். 1940-ல் குண்டு விழுந்து கோயிலின் உள்பகுதி எரிந்துபோனது. கோயிலைச் சீர்படுத்திய பிறகு ஜன்னல்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பின. கழற்றியவர்களுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆராதனை முடிந்து வாசலை நோக்கித் திரும்பினால்தான் நான்காவது ஜன்னல் எதிரே வரும். மேலே தூதர்கள் நடுவே கிறிஸ்து, அவருக்குக் கீழே எக்காளம் ஊதும் மிகாவேல், அதற்கும் கீழே இடிந்து சரியும் நகரம், கல்லறைகளிலிருந்து எழும் மனிதர்கள். பர்ன்-ஜோன்ஸ் அதற்கு அடுத்த வருடமே காலமானார். இது மேற்கு ஜன்னல், அதனால் மாலை வெயிலில்தான் நிறம் முழுதாக எழும்பும். போகிறவர்கள் காலையில் பீடத்துப் பக்கம் பார்த்துவிட்டு, அப்புறம் சாயங்காலம் இதற்காகவே இன்னொரு முறை உள்ளே வாருங்கள்.