மாத்திரை வாங்கத்தான் கால் தேய்ந்தது

என் மகனுக்கு ஒன்பது வயது. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிற்காமல் அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் கோளாறு என்று வேலூரில் எழுதிக் கொடுத்து, மாத்திரை ஆரம்பித்து, ஒரு பள்ளி ஆண்டு ஓடிவிட்டது. குடியாத்தம் பக்கத்திலிருந்து இதே காரியமாகப் போகிறவர்கள் அவ்வப்போது போன் செய்து கேட்கிறார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

பையனுக்கு என்ன பிரச்சினை என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று பயந்துகொண்டே போனோம். அது நல்லபடியாகவே முடிந்தது. எங்களை அலைக்கழித்தது இரண்டு காகிதங்கள். ஒன்று பள்ளிக்கூடத்தில் நிரப்பி வாங்க வேண்டிய படிவம், இன்னொன்று மெடிக்கல் கடையில் நீட்ட வேண்டிய சீட்டு.

அதற்கு முன் உள்ளூரில் தண்டமாகப் போன காசைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளினிக்கில் பையனை ஏறெடுத்துக்கூடப் பார்க்காமல் ஞாபகசக்தி டானிக் எழுதினார்கள். கூடவே, தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் இஇஜி ஒன்று. அவன் அசையாமல் படுக்க மாட்டான் என்பதற்காகத்தானே வந்திருக்கிறோம்! அவனை அமுக்கிப் பிடித்து எடுத்து முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். ஏடிஎச்டியைக் காட்டிக் கொடுக்கிற ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ எதுவும் கிடையாது என்று வேலூரில்தான் தெரிந்துகொண்டேன். வலிப்பு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் இஇஜி எடுப்பார்கள், அவ்வளவுதான். மற்றபடி கேள்வி கேட்பதும், பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பதும், வீட்டிலும் பள்ளியிலும் அவன் எப்படி இருக்கிறான் என்று இரண்டு பக்கமும் விசாரிப்பதும்தான் வழி. ஆறு மாதத்துக்கு மேலாக இருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஒரே இடத்தில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் ஆட்டம் போட்டுவிட்டுப் பள்ளியில் பெட்டிப்பாம்பாக இருந்தால் அது வேறு விஷயம்.

வேலூரில் டாக்டர் மேடம் பொறுமையாகக் கேட்டார். முதலில் கண், காது பரிசோதனை. பிறகு சைக்காலஜிஸ்ட் வைத்த அறிவுத்திறன் சோதனை, அதுவும் தமிழிலேயே. இதில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். சோதனை நாளன்று பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி, பஸ்ஸில் தூங்கி வழியவிட்டு, பசியோடு கூட்டிப்போகாதீர்கள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றால் நின்றதுதான், கையில் இட்லி இருக்கட்டும். எல்கேஜியிலிருந்து வந்த ரேங்க் கார்டு, நோட்டு, பள்ளி டைரி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். டைரியில் மிஸ்கள் சிவப்பு மையில் எழுதிய புகார்களைத்தான் டாக்டர் ரொம்ப நேரம் படித்தார். எங்களைத் தலைகுனிய வைத்த அதே டைரி அங்கே நல்ல சாட்சியானது.

இனி அந்தப் படிவம். வகுப்பு ஆசிரியை நிரப்ப வேண்டியது. இடத்தை விட்டு எழுந்து போகிறானா, ஆரம்பித்ததை முடிக்கிறானா, முறை வரும் வரை காத்திருக்கிறானா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எப்போதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, மிக அடிக்கடி என்று நான்கு கட்டம். மிஸ் நல்லவர், பையன் மேல் பிரியம் உள்ளவர். கவரை ஒட்டிக் கொடுத்தார். நானும் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோனேன். டாக்டர் பிரித்துப் பார்த்துவிட்டு, “உங்க மிஸ் சொல்றதைப் பார்த்தா வகுப்புலயே அடக்கமான பையன் இவன்தான்” என்றார். எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டத்திலேயே டிக்! டைரி முழுக்கப் புகார் எழுதியதும் இதே மிஸ்தான். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் வேலை. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு.

மறுநாள் மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். “எப்படிங்க எழுதறது? பாவம், சின்னப் பையன். நாளைக்கு இந்தப் பேப்பரைக் காட்டி எங்கயும் சேர்க்க மாட்டேன்னு சொல்லிட்டா?” என்றார். கோபம் வந்தாலும் கோபப்பட முடியவில்லை. இது டாக்டருடைய பைலில் மட்டும் இருக்கும், டிசியில் ஏறாது, அவனுக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்ப்பதற்காகத்தான் கேட்கிறார்கள் என்று விளக்கிச் சொல்லி, புதுப் படிவம் கொடுத்தேன். இந்த முறை உள்ளதை உள்ளபடி நிரப்பினார். நீங்கள் கவரை வாங்கும்போதே மிஸ்ஸிடம் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். ஒரு பயணம் மிச்சமாகும்.

படிவம் கதை அதோடு முடியவில்லை. விஷயம் ஆபீஸ் ரூமுக்கு எட்டி, கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டனுப்பினார். “இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கும்மா. நீங்களே டிசி கேட்டு ஒரு லெட்டர் கொடுத்துட்டா நல்லது.” கவனியுங்கள், நாமே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அன்று வாயடைத்துத் திரும்பினேன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் சித்தப்பாதான் வழி சொன்னார். 2009 கட்டாயக் கல்விச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் பள்ளி அந்தக் கணக்கில் வராது. அடுத்த வாரம் போய், “சார், நாங்க டிசி கேக்கப்போறதில்லை. நீங்க அனுப்பறதா இருந்தா காரணத்தை எழுத்துல கொடுங்க, 16-வது பிரிவையும் பார்த்துக்கிறோம்” என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. அவர் கொஞ்ச நேரம் பேப்பர் வெயிட்டை உருட்டிவிட்டு, “பையனை முன் பெஞ்சுல உட்கார வைக்கச் சொல்றேன்” என்றார். டாக்டர் கேட்கச் சொன்னதும் அதைத்தான்!

மாத்திரைக்கு வருகிறேன். பெயர் மெத்தில்பெனிடேட். மருந்துச் சட்டத்தில் ஷெட்யூல் எக்ஸ் என்ற பட்டியலில் இருக்கிறது, மயக்க மருந்து கெட்டமைன் இருக்கிற அதே பட்டியல். அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் எக்ஸ்ஆர்எக்ஸ் என்று போட்டிருக்கும். இதை விற்கக் கடைக்காரர் தனி உரிமம் வாங்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். அதில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். இத்தனை வம்பு எதற்கு என்று பெரும்பாலான கடைகளில் வைப்பதே இல்லை. இதையெல்லாம் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அன்று மருத்துவமனைக் கவுன்டரில் ஸ்டாக் இல்லை, வெளியே பாருங்கள் என்று விட்டார்கள். வெளியே முதல் கடையில் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்காமல் இல்லை என்றார்கள். அடுத்த கடையில் ஒரு பையன் சீட்டைப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “யாருக்கும்மா இது?” என்றார். என் பையனுக்கு என்றேன். “சின்னப் பையனுக்கா? இதெல்லாம் போதை மாத்திரைம்மா, எதுக்கும்மா கொடுக்கறீங்க?” சுற்றிலும் ஆள் நிற்கும்போது சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் மகனைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. தவறாகப் பயன்படுத்த முடியும் என்பதால்தான் இத்தனை கட்டுப்பாடு, அது சரி. டாக்டர் எடை, நாடி எல்லாம் பார்த்து அளவாக எழுதியதைக் குழந்தைக்குக் கொடுப்பது போதை ஆகிவிடுமா?

கால் வலிக்க நடந்து ஒரு கடையில் மருந்து இருந்தது. “ஒரிஜினல் சீட்டு ரெண்டு வேணும். ஜெராக்ஸ் செல்லாது” என்றார். திரும்ப ஓடினால் ஓபி முடிந்து டாக்டர் கிளம்பிவிட்டார். வெறுங்கையோடு ஊர் திரும்பினோம். அடுத்த முறை இரண்டு பிரதியோடு போனால், தினம் ஒன்று என்றிருக்கிறது, மொத்தம் எத்தனை மாத்திரை என்று எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை, அதிகாரி வந்து பார்த்தால் மாட்டுவது அவர்தான். ஆனால் அன்றைக்கு நான் அவ்வளவு நியாயமாக யோசிக்கவில்லை.

இப்போது டாக்டர் அறையை விட்டு வெளியே வருமுன் அங்கேயே நின்று சீட்டைப் படித்துவிடுகிறேன். இரண்டு அசல், இரண்டிலும் கையெழுத்தும் தேதியும், பையன் பெயர், வீட்டு முகவரி, ஒரு வேளைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை மாத்திரை என்று எண்ணிலும் எழுத்திலும். முதல் தடவை நான் படித்துக் கேட்டபோது டாக்டர் சிரித்துவிட்டு, “இனிமே எங்க ஜூனியர்ஸுக்கு நீங்கதான் கிளாஸ் எடுக்கணும்” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடைக்குக் கிளம்புமுன் போன் செய்து, அந்த மில்லிகிராம் இருக்கிறதா என்று பெயரோடு கேளுங்கள். டாக்டர் மறுபடி கொடுக்கலாம் என்று எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான். ஆன்லைனில் வரவழைக்கலாமே என்று என் தம்பி தேடிப் பார்த்துச் சலித்துப்போனான். மாத்திரை தீரும் நாளை காலண்டரில் வட்டம் போட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே கிளம்பிவிடுவதுதான் தப்பிக்கும் வழி.

இந்த அலைச்சலுக்குப் பயந்து, சாதாரணக் கடையில் கிடைக்கும் அடோமாக்ஸெடினுக்கு மாற்றித் தரச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். அதுவும் நல்ல மருந்துதான். ஆனால் முழுதாக வேலை செய்யப் பல வாரம் ஆகும், ஒரு நாள்கூட விடாமல் கொடுக்க வேண்டும், ஆரம்பத்தில் பிள்ளையின் மனநிலையை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். எது பொருந்தும் என்பது பிள்ளையைப் பொறுத்தது. கடைக்காரர் வசதியை வைத்து மருந்தை முடிவு செய்யாதீர்கள் என்பேன்.

மாத்திரை ஆரம்பிக்குமுன், குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் உண்டா என்று கேட்பார்கள். பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டு போங்கள். ஐந்து மில்லிகிராமில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பசிதான் பெரிய தொல்லை. டிபன் பாக்ஸ் கட்டியபடியே திரும்பி வரும். அத்தை அதைத் திறந்து பார்த்துவிட்டு, “பையனைக் கீழ்ப்பாக்கம் கேஸ் ஆக்கினது பத்தாதுன்னு பட்டினியும் போடறீங்களா?” என்பார். முதல் பாதிக்கு எனக்குப் பதில் இருந்தது, இரண்டாவது பாதிக்கு இல்லை. நெய் தோசை, முட்டை என்று வயிறு நிறையக் கொடுத்த பிறகே மாத்திரை, மதியம் சாப்பிட்டவரை சரி, ராத்திரி பசி திரும்பும்போது இன்னொரு முறை சாப்பாடு என்று மாற்றியபின் எடை நின்றது. ஒவ்வொரு முறையும் உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கூட்ட நாளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பப் பார்ப்பார்கள், நகராதீர்கள்.

சாதாரண மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். மதியத்துக்கு மேல் பழைய ஆளாகிவிடுகிறான் என்றார் மிஸ், வேனில் வரும்போது அழுகையும் சண்டையும். பிறகு நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக்கு மாற்றினார்கள். அதைக் கடிக்காமல், பொடிக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். சீரக மிட்டாயை விழுங்கவிட்டுப் பழக்கினோம். பழகுவதற்குள் டப்பா காலி.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: பையன் சாமியாராகிவிடவில்லை. இன்னும் பேசுகிறான், இன்னும் பென்சில் தொலைக்கிறான். ஆனால் போர்டில் இருப்பதை மணி அடிப்பதற்குள் எழுதி முடிக்கிறான். கணக்கில் மார்க் ஏறவில்லை. அது மாத்திரையின் வேலையும் இல்லை, உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவர்களின் வேலை. மாத்திரை போட்டுப் பிள்ளை ஒரேயடியாக மந்தமாகிவிட்டால் அளவு சரியில்லை என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கோடை விடுமுறையில் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் மாத்திரையை நிறுத்தி வைத்தோம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வீடுவீடாகப் போய் அவன் சாப்பிட்டதைப் பார்த்து அத்தைக்கு ஒரே சந்தோஷம். ஜூனில் மறுபடி ஆரம்பம். புது வகுப்பு, புது மிஸ், மறுபடி படிவம். இவரிடம் முதல் நாளே உட்கார்ந்து பேசிவிட்டேன்.

நேரில் போவதற்கு முன் யாரிடமாவது பேசிப் பார்க்க நினைப்பவர்கள் 14416-க்கு அழைக்கலாம். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022-லிருந்து இருக்கிறது. இலவசம், தமிழிலும் பேசுவார்கள். குடியாத்தத்திலோ காட்பாடியிலோ எக்ஸ் உரிமம் உள்ள மெடிக்கல் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அடுத்த சீட்டுக்குத் தேதி நெருங்கிவிட்டது.