அப்பத்தா காதால் பார்த்த தொடர்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு டிவி ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் இருண்டுபோனது. சத்தம் குறைவில்லாமல் வந்தது. படம் மட்டும் இல்லை. அணைத்துப் போட்டால் ஒரு விநாடி பளிச்சென்று தெரிந்து மறையும். அப்பத்தா இதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த காது. தூணில் சாய்ந்தபடி ஒரு வாரத் தொடரைக் காதாலேயே பார்த்து முடித்தார்.

காரைக்குடியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பின்மூடியைக்கூடக் கழற்றாமல், பேனல், அதாவது படம் தெரியும் திரையே, போய்விட்டது என்றார் கடைக்காரர். 32 அங்குல டிவிக்குப் பேனல் விலை புது டிவி விலையைத் தொடுமாம். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நயமாகச் சொன்னார். எனக்கு ஒன்றுதான் இடித்தது. பேனல் போயிருந்தால், அந்த ஒரு விநாடிப் படம் எங்கிருந்து வந்தது?

அன்றிரவு விளக்குகளை அணைத்துவிட்டு டிவியைப் போட்டு, டார்ச்சைக் கண்ணாடிக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம், மங்கலாக, தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் அசைந்தது. பேனல் உயிரோடு இருக்கிறது. அதன் முதுகில் எரிய வேண்டிய விளக்குதான் அணைந்துவிட்டது.

இந்த வகை டிவியில் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் அலுமினியப் பட்டைகளில் வரிசையாக எல்இடி பல்புகள் இருக்கும். மெக்கானிக்குகள் இதை ஸ்ட்ரிப் என்பார்கள். எங்கள் டிவியில் மூன்று ஸ்ட்ரிப், ஒன்றுக்கு ஆறு பல்பு. பதினெட்டும் ஒரே தொடராக இணைந்தவை. பழைய சீரியல் செட்டுபோல, ஒன்று அறுந்தால் எல்லாம் அணையும். மின்சாரம் போக வழியில்லை என்று கண்டவுடன், அவற்றுக்கு மின்சாரம் தரும் போர்டு தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திவிடும். அந்த ஒரு விநாடிப் பளிச்சின் ரகசியம், சாகக் கிடக்கும் பல்பு சூடேறும்வரை தொடர்பைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான்.

எங்கள் தெருவில் ரேடியோ காலத்திலிருந்து மெக்கானிக் வேலை பார்த்த ஓர் அண்ணன் இருக்கிறார். கண் சரியில்லாததால் வேலையை விட்டுவிட்டார். நான் கையாக இருக்க, அவர் வாயாக இருந்தார். முதலில் பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டர். 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே போகாது. ஒரு குண்டு பல்பின் வயர்களை அதன் கால்களில் வைத்து இறக்கச் சொன்னார். அடுத்து, ஸ்ட்ரிப்பின் இணைப்பை மாட்டியபடியே டிவியைப் போட்டு, அங்கே மீட்டர் வைத்தோம். ஒரு பல்புக்கு 3 வோல்ட் என்றால் பதினெட்டுக்கு 54 வர வேண்டும். 90க்கு மேல் ஏறி, இரண்டே விநாடியில் கீழே விழுந்தது. “போர்டு தள்ளுகிறது, வாங்க ஆள் இல்லை. பழுது உள்ளே இருக்கிறது” என்றார்.

உள்ளே போவதுதான் கண்டம். ஸ்ட்ரிப்பை எட்ட, திரைக் கண்ணாடியையே தூக்கியாக வேண்டும். அதன் விளிம்பில் சின்னச் சின்ன ஃபிலிம் பட்டைகள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று மடங்கிக் கிழிந்தாலும் திரையில் கோடு விழும், பிறகு கடைக்காரர் சொன்னதே பலித்துவிடும். முற்றத்தைச் சுற்றிய வளவில் காற்றும் தூசியும் என்பதால் இரண்டாம் கட்டு அறையில், ஆத்தங்குடிக் கல் தரையை இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்து, மெத்தை விரித்தோம். நானும் தம்பியும் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்தோம். திருமண வீட்டில் தாம்பாளம் தூக்குகிறவர்கள்கூட அவ்வளவு மூச்சடக்கியிருக்க மாட்டார்கள். அடியில் இருந்த ஒளி பரப்பும் தாள்களை வரிசை மாறாமல் எடுத்து, ஒவ்வொன்றின் மேல் இடது மூலையிலும் பென்சிலால் எண் போட்டேன்.

எல்இடி டெஸ்டரை ஒவ்வொரு பல்பாகத் தொட்டு வந்தோம். நடு ஸ்ட்ரிப்பில் நான்காவது எரியவில்லை. நடுவில் கரும்புள்ளி விழுந்திருந்தது.

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். முழு செட்டையும் மாற்று என்றார் அண்ணன். ஒரு பல்புக்காகப் பதினெட்டை மாற்றுவதா என்று, செத்ததன் இரு முனைகளையும் சால்டர் வைத்து இணைத்துவிட்டேன். டிவி எரிந்தது. அப்பத்தா என்னைப் பொறியாளன் என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொன்னார். பதினோராம் நாள் மறுபடியும் இருட்டு.

மிச்சப் பல்புகளுக்கு மின்சாரம் கூடிவிட்டது என்று நினைத்தேன். இல்லையாம். போர்டு எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும். பதினேழும் செத்ததன் வயதுதான், அதே சூட்டில் வெந்தவை. அடுத்தது போக நாள் பார்த்திருந்தது, அவ்வளவுதான்.

புது செட் வாங்குவதிலும் ஒரு சறுக்கல். டிவியின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்கினேன், நீளம் சரியில்லை. ஒரே மாடலுக்குள் வேறு வேறு பேனல்கள் வருவதுண்டு. பழைய ஸ்ட்ரிப்பில் அச்சிட்டிருந்த எண், நீளம், பல்பு எண்ணிக்கை, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பது எல்லாம் பொருந்தியபிறகே இரண்டாவது செட் வந்தது. அறுநூறு ரூபாய் ஆனது. மூடுவதற்கு முன் டெஸ்டரில் எரியவிட்டுப் பார்த்தோம். இந்த முறை கண்ணாடியைத் தூக்கியபோது கை நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான்.

பழையவை ஏன் இவ்வளவு சீக்கிரம் போயின என்று அண்ணன் கேட்டபோதுதான் அப்பத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். டிவி இருப்பது வளவில், முற்றத்துக்கு நேர் எதிரே. மத்தியான வெயில் திரையில் அடிக்கிறது என்று ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பேக்லைட்டை 100இல் கொண்டுபோய் வைத்திருக்கிறார். ஆண்டுக்கணக்காக. நான் முன்பு பிரைட்னஸைக் குறைத்துவைத்தது வீண். அது படத்தின் கருமையைத்தான் மாற்றும். பல்பின் சூட்டைக் குறைப்பது பேக்லைட் என்ற அமைப்பு. அதை 60க்கு இறக்கினேன். மின்னோட்டம் இன்னும் குறையட்டும் என்று, அதை நிர்ணயிக்கும் இணையான ரெசிஸ்டர்களில் ஒன்றையும் அண்ணன் சொன்னபடி போர்டிலிருந்து எடுத்துவிட்டேன். டிவியை முற்றத்துக்குப் பக்கவாட்டில் திருப்பி வைத்தோம்.

அதிலும் அப்பத்தாவுக்கு ஒரு குறை இருக்கிறது. “ஏண்டா, இந்தத் தொடரில் மட்டும் எல்லார் வீட்டிலும் எப்போது பார்த்தாலும் விளக்கு வைக்கிற நேரமாகவே இருக்கிறதே?” என்று கேட்டார். ரிமோட் இப்போது என் அலமாரியில் இருக்கிறது.