வியாழக்கிழமைதோறும் பிரிந்துபோன மாநிலம்

முதலில் அந்த டாக்ஸி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் வயிறு எரிகிறது.

கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமென்டோவில் அக்கா வீட்டில் மூன்று வாரமாக இருக்கிறேன். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 415 கிலோமீட்டரில், ஓரிகன் எல்லையை ஒட்டி, வைரீக்கா என்று ஒரு சின்ன ஊர். சிஸ்கியூ கவுன்டியின் தலைமை ஊர். கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி; ஆனால் கலெக்டர் கிடையாது, மக்கள் தேர்ந்தெடுத்த குழு நிர்வாகம் செய்யும். கலிஃபோர்னியாவிலிருந்து பிரிந்து ‘ஜெஃபர்சன்’ என்று தனி மாநிலம் ஆக வேண்டும் என எண்பது வருஷத்துக்கும் மேலாக விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிற ஊர் அது. தெலங்கானா பிறந்தபோது நான் ஹைதராபாத்தில் வேலையில் இருந்தேன். 2014 ஜூன் 2 நள்ளிரவு, மொட்டை மாடியில் நின்று வாணவேடிக்கையைப் பார்த்தேன். மாநிலம் பிரிக்கக் கேட்கும் ஊர் எது என்று தெரிந்தாலும் அன்றிலிருந்து எனக்குப் போய்ப் பார்க்கத் தோன்றும்.

என்னிடம் இங்கே ஓட்ட லைசென்ஸ் இல்லை. அத்தானுக்கு லீவு இல்லை. சரி, பஸ்தான் என்று கிளம்பினேன். மதியம் மூன்று மணிக்கு வீட் என்ற ஊரில் இறக்கிவிட வேண்டிய பஸ் ஆறு மணிக்கு இறக்கிவிட்டது. ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஏப்ரல் மாதம், வெளியே ஷாஸ்டா மலை முழுக்க வெள்ளைவெளேரென்று பனி. உள்ளே நாங்கள் ஒன்பது பேர் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கழிப்பறைக் கதவு மூடவே இல்லை, ஒரு பாட்டி தன் துப்பட்டியால் அதைக் கட்டிவைத்தார். 4,322 மீட்டர் உயர மலையை ஜன்னலில் இரண்டு மணி நேரம் பார்த்தபடி வருவது பெரிய பாக்கியம்தான். எனக்கு அப்போது டீ கிடைத்தால் போதும் என்றிருந்தது.

வீட் ஊரிலிருந்து வைரீக்கா 45 கிலோமீட்டர். வார நாட்களில் கவுன்டியின் உள்ளூர் பஸ் உண்டு, சொற்பக் கட்டணம். எங்கள் பஸ் தாமதமானதில் அதன் கடைசி நடை போய்விட்டது. டாக்ஸிக்காரர் போனில் சொன்னது 70 டாலர். பாதி வழியில் 140 என்றார். திரும்பும்போது காலியாக வர வேண்டுமாம். 12,000 ரூபாய்க்கு மேல்! அதில் நான் மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய்விட்டு வந்துவிடுவேன். வாக்குவாதம் செய்து 110-க்கு முடித்தேன். இந்த வழியாக யார் போனாலும் கட்டணத்தைக் குறுஞ்செய்தியில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

ஆனால் ஒரு நல்ல காரியமும் அவர்தான் செய்தார். வைரீக்காவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை மெதுவாக்கி வயல்வெளியைக் காட்டினார். வைக்கோல் போட்டுவைக்கும் பெரிய கொட்டகை. அதன் கூரை முழுவதும், நெடுஞ்சாலையில் போகிறவர்கள் படிக்கிற அளவு எழுத்தில், ‘ஜெஃபர்சன் மாநிலம்’ என்று வரைந்திருந்தார்கள். மாலை வெயில் சரிவாக அடித்துக்கொண்டிருந்தது. கொட்டகையைச் சுற்றிக் கறுப்பு மாடுகள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைப் பார்க்கத்தானே வந்தேன்!

கதை 1941-இல் தொடங்குகிறது. மலைக்காடுகளுக்குள் தாமிரமும் மரமும் கிடக்கின்றன, வெளியே கொண்டுவரச் சாலை இல்லை. அந்த அக்டோபரில் ஓரிகன் கடற்கரையில் போர்ட் ஆர்ஃபோர்டின் மேயர் கில்பர்ட் கேபிள், எங்கள் கர்ரி கவுன்டியைக் கலிஃபோர்னியாவோடு சேர்த்துவிடுங்கள் என்று கிளப்பிவிட்டார். அது எல்லையின் இந்தப் பக்கமும் பற்றிக்கொண்டு, இரண்டு மாநிலத்திலும் இருந்து பிரிந்து ஒரு புது மாநிலம் என்று வளர்ந்தது. வைரீக்கா தற்காலிகத் தலைநகர். நவம்பர் 27, வியாழக்கிழமை, வேட்டைத் துப்பாக்கியோடு சில இளைஞர்கள் ஊருக்குத் தெற்கே 99-ஆம் எண் நெடுஞ்சாலையை மறித்து, வந்த கார்களுக்கெல்லாம் ஒரு அறிவிப்பைக் கொடுத்தார்கள். நீங்கள் 49-ஆவது மாநிலத்துக்குள் வருகிறீர்கள் (அப்போது மொத்தமே 48), நம்பாவிட்டால் கிளாமத் ஆற்றுச் சாலையில் போய்ப் பாருங்கள், டயர்ச் சங்கிலியும் மண்வெட்டியும் வெடிமருந்தும் எடுத்துப் போங்கள், சாலை போடும்வரை ஒவ்வொரு வியாழனும் நாங்கள் பிரிவோம் என்று அதில் இருந்தது.

டிசம்பர் 2-ஆம் தேதி கேபிள் திடீரென்று இறந்துபோனார். 4-ஆம் தேதி, அதுவும் வியாழன், ஜான் சைல்ட்ஸ் என்ற நீதிபதியை வைரீக்காவில் ஆளுநராக அறிவித்து ஊர்வலம் விட்டார்கள், செய்திப்படக்காரர்கள் வந்து எடுத்தார்கள். 7-ஆம் தேதி ஜப்பான் பேர்ள் ஹார்பரில் குண்டு போட்டது. அதோடு எல்லாவற்றையும் மூட்டைகட்டிவிட்டு நாட்டுக்காகப் போருக்குப் போய்விட்டார்கள். இதைப் பற்றி எழுதிய சான்ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் நிருபர் ஸ்டான்டன் டெலாப்ளேனுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

மறுநாள் காலை மைனர் தெருவில் நடந்தேன். 1851-இல் தங்கம் கிடைத்து உண்டான ஊர், தெருவில் இன்னும் பழைய செங்கல் கட்டடங்கள் நிற்கின்றன. ஒரு கடை வாசலில் பச்சைக் கொடி தொங்கியது. நடுவில் தங்கம் அலசும் தட்டு, அதற்குள் சாய்வாக இரண்டு பெருக்கல் குறிகள். ஆங்கிலத்தில் ‘டபுள் கிராஸ்’ (இரட்டைக் குறுக்கு) என்றால் துரோகம். ஒன்று சாக்ரமென்டோ செய்த துரோகம், மற்றது ஓரிகன் தலைநகர் சேலம் செய்த துரோகம். கொடி 25 டாலர், வாங்கவில்லை. டாக்ஸிக்காரர் என் பட்ஜெட்டைத் தின்றுவிட்டார்.

பக்கத்து உணவகத்தில் முட்டையும், உருளைக்கிழங்கைத் துருவி மொறுமொறுவென்று வாட்டிய ஹாஷ் ப்ரவுனும் சொன்னேன். அடுத்த நாற்காலியில் இருந்த பெரியவர் மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கொடியைப் பற்றிக் கேட்டதும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பிவிட்டார்.

“லாரி நல்லாத்தான் ஓடிச்சு. 2010-க்கு முந்தின இன்ஜின்னு சொல்லி 2023-லிருந்து பதிவு பண்ண மாட்டேன்னுட்டாங்க. லாஸ் ஏஞ்சல்ஸ்ல புகை, அதுக்குச் சட்டம். இங்க புகை எங்க இருக்கு? வெளியே போய்ப் பாருங்க தம்பி. கடைசியில ஓரிகன்காரருக்கு வித்தேன். அதே லாரி இப்பவும் இந்த ரோட்டுலதான் அந்தப் பக்கம் ஓடுது.”

அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் மரத்தொழில் படுத்ததற்கும் சாக்ரமென்டோவையே அவர் திட்டியபோது ஒத்துக்கொள்ள முடியவில்லை. சிஸ்கியூ நிலத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் மத்திய அரசுடையது. 1990-இல் பழங்காடுகளில் வாழும் புள்ளி ஆந்தையை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டதும், 1994-இல் காடு வெட்டுவதைக் குறைத்ததும் வாஷிங்டன். நாளைக்கே ஜெஃபர்சன் வந்தாலும் அந்தக் காடு வாஷிங்டன் கையில்தான் இருக்கும். இதைச் சொன்னேன். “அது சரி, ஆனா லாரி?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2013 செப்டம்பர் 3-ஆம் தேதி சிஸ்கியூ கவுன்டிக் குழு 4-க்கு 1 என்று பிரிவினைத் தீர்மானம் போட்டது. பின்னாலேயே மோடாக் கவுன்டி. 2014 ஜூனில் மக்களிடமே கேட்டபோது டிஹாமா கவுன்டி ஆமாம் என்றது, டெல் நார்ட் வேண்டாம் என்றது. ஆக, எல்லாரும் ஒரே குரலில் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சட்டப்படி பார்த்தாலும் நம்மைவிடக் கடினம். நம் அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவில் நாடாளுமன்றம் நினைத்தால் போதும்; ஆந்திர சட்டமன்றம் நிராகரித்த பிறகும் தெலங்கானா வந்தது. இங்கே தாய் மாநிலத்தின் சட்டமன்றமும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸும் இரண்டும் சம்மதிக்க வேண்டும். புது மாநிலம் வந்தால் வாஷிங்டனில் இரண்டு செனட்டர் கூடும். அந்தக் கணக்கு இருக்கிறவரை யாரும் விடமாட்டார்கள். நடக்காது என்பதுதான் என் முடிவு.

நடக்காது என்பதால் அவர்கள் கேட்பது தப்பு என்று ஆகிவிடாது. இந்தக் கணக்கைப் பாருங்கள். சிஸ்கியூவின் பரப்பு 16,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், ஜனங்கள் 44,000 பேர். கலிஃபோர்னியா கீழவையில் 80 உறுப்பினர்கள், மேலவையில் 40. மாநிலத்தில் பத்து லட்சம் பேர்கூட இல்லாத 1880 வாக்கில் இருந்த அதே எண்ணிக்கை. இன்று 3.9 கோடிப் பேர். கீழவை உறுப்பினர் ஒருவருக்கு ஐந்து லட்சம் பேர் விழுகிறார்கள். தமிழ்நாட்டில் 234 பேர் இருப்பதால் 2011 கணக்குப்படி மூன்று லட்சம்தான். இங்கே மேலவை உறுப்பினருக்கோ பத்து லட்சத்தை நெருங்குகிறது. பத்து லட்சம் சேர்க்க இந்த வடக்கில் எத்தனை கவுன்டிகளை ஒன்றாகக் கட்ட வேண்டும்! போதாததற்கு, 2025 நவம்பரில் மாநில அளவில் ஓட்டெடுத்துக் காங்கிரஸ் தொகுதிகளை மாற்றி வரைந்ததில், மாடு மேய்க்கும் மோடாக்கையும் சான்ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய பணக்கார மெரின் கவுன்டியையும் ஒரே தொகுதியில் போட்டுவிட்டார்கள்.

இப்போது நல்ல சாப்பாட்டுக்கு வருகிறேன். நான் தங்கியது ஒரு குஜராத்தி தம்பதியின் மோட்டல். ஒரு ராத்திரிக்கு 79 டாலர், அறை சுத்தம். நான் இந்தியில் பேசியதும் ஆன்ட்டி அன்று ராத்திரியே இஞ்சி டீ கொண்டுவந்து வைத்தார். வியாழக்கிழமை காலை அங்கிளை மெட்ஃபோர்டுக்கு இதய மருத்துவரிடம் கூட்டிப் போவதாகச் சொன்னார். அது ஓரிகனில், எல்லை தாண்டி, 85 கிலோமீட்டர். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் அங்கேதான். “நீயும் வா பேட்டா, அங்கேயிருந்து சாக்ரமென்டோ பஸ் ஏறிக்கோ” என்றார். பெட்ரோலுக்கு 20 டாலர் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கிளாமத் ஆற்றங்கரையில் நெடுஞ்சாலை ஓய்விடம். ஆன்ட்டி மரப் பெஞ்சில் துணி விரித்துத் தேப்லாவைப் பிரித்தார். வெந்தயக்கீரை போட்ட மெல்லிசுச் சப்பாத்தி. எண்ணெயில் புரட்டி அடுக்கிவைத்ததில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விரலால் பிரிக்கும்போது ஓமமும் மஞ்சளும் மணத்தது. கூடவே மாங்காயைத் துருவிச் சர்க்கரைப் பாகில் மிளகாய்த்தூளோடு போட்ட சுந்தோ. ஏழு தின்றேன். அமெரிக்கா வந்து இவ்வளவு நாளில் இதற்கு ஈடான சாப்பாடு வேறெங்கும் சாப்பிடவில்லை, அக்கா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆறு கீழே கலங்கலாக வேகமாக ஓடியது. மேலே இருந்த நான்கு அணைகளை 2024-இல் இடித்து முடித்தார்கள், அமெரிக்காவிலேயே மிகப் பெரிய அணை அகற்றம். ஜெஃபர்சன் கேட்கிறவர்களில் நிறையப் பேருக்கு அதில் ஆத்திரம், தங்களைக் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்று. ஆனால் கரூக், யூரோக் பழங்குடியினர் அதற்காகத்தான் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 2002-இல் இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் பல்லாயிரம் சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. அணை போன அந்த அக்டோபரிலேயே மீன் மேலே ஏறி வந்துவிட்டது. எங்களைக் கேட்கவில்லை என்று சொல்வதில் முதல் உரிமை யாருக்கு என்று பார்த்தால், எனக்கு அது கரூக்குகளுக்கு என்றுதான் படுகிறது.

அந்த ஓய்விடத்தின் பெயர் ராண்டால்ஃப் காலியர். யார் இவர் என்று போனில் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வைரீக்காக்காரர். 1930-களின் கடைசியிலிருந்து 1976 வரை மாநில செனட்டர், அதாவது மாநில மேலவை உறுப்பினர். கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலைகளுக்குத் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள். 1947-இல் வந்த காலியர்-பர்ன்ஸ் சட்டம்தான் அந்தச் சாலைகளுக்குப் பணம் சேர்த்தது. இந்தச் சின்ன ஊரிலிருந்து அது எப்படி முடிந்தது? அந்தக் காலத்தில் எந்தக் கவுன்டிக்கும் ஒன்றுக்கு மேல் செனட்டர் கிடையாது. 60 லட்சம் பேர் இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டிக்கும் ஒருவர்தான். 1964-இல் உச்ச நீதிமன்றம் மாநில மேலவையும் மக்கள்தொகைப்படிதான் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி அதை முடித்துவைத்தது. அந்தப் பழைய ஏற்பாடு அநியாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் துப்பாக்கியோடு மறித்துக் கேட்டும் வராத சாலைப் பணம், சபையில் ஒரு ஆள் தொடர்ந்து உட்கார்ந்திருந்ததில் வந்தது. நாங்கள் அவர் பெயர் வைத்த ஓய்விடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். சபையை 80-லிருந்து 200 ஆக்குங்கள், சிஸ்கியூக்காரர் பெயர் சொல்லித் தேடிப் போகும் தூரத்தில் ஒரு உறுப்பினர் இருப்பார். புது மாநிலத்தைவிட இது எவ்வளவோ சுலபம். நான் சந்தித்த யாரும் இதைக் கேட்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

சிஸ்கியூ கணவாய் ஐ-5 நெடுஞ்சாலையிலேயே உயரமான இடம், 4,310 அடி. பனிக்காலத்தில் அங்கே சாலையை மூடினால் அங்கிளின் வைத்தியமும் தள்ளிப்போகும். அன்று ஓரத்தில் மட்டும் அழுக்குப் பனி கிடந்தது. ஓரிகனில் விற்பனை வரி இல்லை, பெட்ரோலும் மலிவு, அதனால் வரும்போதெல்லாம் மளிகையும் டயரும்கூட இங்கேதான் என்றார் ஆன்ட்டி.

ஆஸ்பத்திரியில் அங்கிளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண், வெளி மாநிலக் காப்பீடு என்பதால் இன்னொரு படிவம் வேண்டும் என்று நீட்டினாள். ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர், தெரு, ஊர் என்று நிதானமாக நிரப்பினார். மாநிலம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு கலிஃபோர்னியா என்று எழுதிவிட்டு, மீதித் தேப்லாவை என் பைக்குள் வைத்தார்.