ரிச்மண்டில் அம்மா கேட்ட கேள்வி

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ரிச்மண்டுக்கு ஃபெர்ரியில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. குளிர்காற்றுக்கு அம்மா சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். இறங்கியதும் எதிரே நீண்டு கிடந்தது செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் ஃபோர்டு கார் தொழிற்சாலை; இரண்டாம் உலகப் போரின்போது ஜீப்புகள் இங்கிருந்துதான் போயின. அதை ஒட்டினாற்போல் 'ரோஸி த ரிவெட்டர்' தேசியப் பூங்காவின் காட்சிக்கூடம். போர்க்காலத்தில் ஆலைகளில் வேலைபார்த்த பெண்களுக்கு வைத்த செல்லப்பெயர்தான் ரோஸி.

1940இல் இந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 23,000. சில ஆண்டுகளில் அது ஒரு லட்சத்தைத் தொட்டது. கைசர் நிறுவனத்தின் நான்கு கப்பல்கட்டும் தளங்களில் 747 கப்பல்கள் உருவாயின. அவற்றில் ராபர்ட் இ. பியரி என்ற கப்பலை 1942 நவம்பரில் ஐந்து நாள் முடிவதற்குள் கடலில் இறக்கிவிட்டார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, அதுவரை வெல்டிங் டார்ச்சைத் தொட்டே பார்க்காத பெண்கள் அதைப் பழகிக்கொண்டு தளத்துக்கு வந்தார்கள்.

படங்களைப் பார்த்துக்கொண்டே வந்த அம்மா நின்றுவிட்டாள்.

"ஏண்டி, இவங்க கொழந்தைய யாரு பாத்துக்கிட்டா?"

நான் பிறந்தபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் டீச்சர் வேலையை விட்டவள் அம்மா. அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதே இல்லை. இங்கே கப்பல்தளத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 1943இல் அரசுப் பணத்தில் காப்பகம் திறந்தார்கள் என்று வாசித்துச் சொன்னேன். "அப்பவேவா?" என்றாள்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கதவு திறக்கவில்லை. பெட்டி ரீட் சாஸ்கின் என்ற கறுப்பினப் பெண் இங்கே கொதிகலன் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அது கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய துணைச்சங்கம். அவர்கள் சந்தா கட்ட வேண்டும், தாய்ச்சங்கத்தில் ஓட்டு மட்டும் கிடையாது. ரோஸி கதை வெள்ளைக்காரப் பெண்களுடையது, தன் இனத்துப் பெண்கள் அடிமைக் காலத்திலிருந்தே வெளியே உழைத்தவர்கள் என்று பிற்பாடு இதே பூங்காவில் ரேஞ்சராக நின்று சொன்னார். 2022இல், நூறு வயதில்தான் ஓய்வுபெற்றார். அவர் பேசக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இன்னொன்று எனக்கு இன்னும் ஆறவில்லை. இதே ஊரில் கண்ணாடிக் கூடங்களில் ரோஜாவும் கார்னேஷனும் வளர்த்த ஜப்பானியக் குடும்பங்கள் இருந்தன. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால் மேற்குக் கடற்கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை, ஜப்பானோடு போர் என்ற காரணத்தால், தடுப்பு முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். இந்த வட்டாரத்துக்காரர்கள் பலரை முதலில் அடைத்தது டான்ஃபோரான் குதிரைப் பந்தயத் திடலில். குதிரைக் கொட்டில்களிலேயே குடும்பங்கள் தூங்கின. வேலைக்கு ஆள் போதாமல் நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஆட்களைக் கூட்டிவந்த அதே மாதங்கள் அவை.

போர் முடிந்ததும் தளங்களை மூடினார்கள். முதலில் வீட்டுக்குப் போனவர்கள் பெண்களும் கறுப்பினத்தவரும். காப்பகங்களுக்கு வந்த மத்திய அரசின் பணமும் நின்றது. கலிஃபோர்னியா தன் கஜானாவிலிருந்து கொடுத்து அவற்றைத் தொடர்ந்தது.

அந்தக் காப்பகக் கட்டடம் ஃப்ளோரிடா அவென்யூவில் இன்னும் நிற்கிறது என்றதும் அம்மா போகலாம் என்றாள். டாக்ஸி பிடித்தோம். வெளியிலிருந்துதான் பார்த்தோம். போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், சால்வையைச் சரிசெய்துகொண்டு சுவரருகே போய் நின்றாள்.

"இங்க ஒண்ணு எடு."